முகம் தெரிந்த தரை

இன்னும் இரண்டு முழம்தான் பாக்கி. உஸ்மான் கனி உட்கார்ந்த வாக்கிலேயே வாசல் பக்கமாக ஒரு சாண் பின்வாங்கி, பஞ்சுப் பொட்டலத்தைத் தகர டப்பாவில் தோய்த்து, உள்ளங்கையில் ஒருமுறை ஒற்றிப் பார்த்து, பலகையின் மேல் வட்டம் வட்டமாக ஓட்டினார். கை நிற்கக் கூடாது. ஸ்பிரிட் பாலீஷில் கை நின்ற இடம் தழும்பாகிவிடும். தும்மல் வந்தால் கூடக் கையைத் தூக்கிக்கொண்டுதான் தும்ம வேண்டும். முழங்காலுக்குக் கீழே இல்லாத வலது காலை, மடித்த சாக்கின் மேல் நீட்டியிருந்தார். அவருடைய மரக்கால் வாசற்படிக்கு வெளியே, ஷூ மாட்டியபடி, சுவரில் சாய்ந்து காத்திருந்தது.

படி முதுகில் தட்டியதும் பொட்டலத்தை டப்பாவில் போட்டு மூடினார்.

உஸ்மான் கனி இருபத்தாறு வருஷமாகப் பூந்தமல்லியில் பாலீஷ் போடுகிறவர். கல்யாண பீரோ, கட்டில், தையல் மிஷின் பெட்டி, வக்கீல் வீட்டு மேஜை. அவர் கைபட்ட பீரோக் கதவைப் பார்த்து ஒரு நாவிதர் மீசை திருத்திக்கொண்டார் என்று கடைத்தெருவில் பேச்சு உண்டு. பொய்யில்லை. எதிர்க் கடை நாவிதர்தான், கண்ணாடி உடைந்த நாள் அது. ஆனால் ஒரு தரைக்கு அவர் பாலீஷ் போட்டது இதுதான் முதல் தடவை.

வேப்ப மரத்தடியில் துணி அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி வஹீதுன்னிசா ஈரக் கையோடு வந்து அவர் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்பதடி நீளம், இருபதடி அகலம். நான்கு ஜன்னல்கள் சுவரிலும், நான்கு ஜன்னல்கள் தரையிலும் இருந்தன.

"உள்ள தண்ணி நிக்கிது."

"தண்ணியில்ல. பாலீஷ்."

"தெரியும். சும்மா சொன்னேன்." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "நம்ம ஊட்டுக் கதவுக்கு ஒரு கை போடுங்கன்னு எட்டு வருசமா கேட்டுகினு கீறேன்."

"போடறேன்."

"சரி. ஒம்போதாவது வருசத்துல சேத்துக்கறேன்."

நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அந்தக் கட்டடம். பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த நாளில், அதிகாரிகள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்று பர்மா தேக்கில் தரை போட்டது. பட்டாளம் போன பிறகு அதில் நெல் மூட்டை அடுக்கினார்கள். பிறகு கொஞ்ச காலம் கோழி வளர்த்தார்கள். அதன் பிறகு ஒரு தர்ம ஸ்தாபனம் எடுத்து, கால் போனவர்களுக்கு மரக்கால் செய்து கொடுத்து நடக்கப் பழக்குகிற இடமாக மாற்றியது. ஸ்தாபனம் வைத்த பெயர் நீளமானது. ஊர் அதைக் கால் கொட்டாய் என்றது.

நடத்தியவர் உலகநாதன். ஆவடியில் பட்டாள வேலையில் இருந்து, பூனாவுக்குப் போய் மரக்கால் செய்யக் கற்றுக்கொண்டு வந்தவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். சிமென்டுத் தரையில் விழுந்தால் எலும்பு போகும், மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று சொல்லி, கோழிக் கழிவு காய்ந்து கிடந்த இந்தக் கட்டடத்தைக் கேட்டு வாங்கியவர் அவர்தான்.

உஸ்மான் கனிக்குக் கால் போனது அறுபத்தேழில். சைக்கிள் கேரியரில் டீபாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது லாரி. டீபாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அதையும் யாரோ வந்து சொன்னார்கள். ஒன்றரை வருஷம் வீட்டுக்குள் தவழ்ந்தார். நாற்பது வயது ஆள் செய்வதற்கும் குழந்தை செய்வதற்கும் ஒரே வார்த்தைதான் இருக்கிறது.

கால் கொட்டாயில் இரண்டு நீளக் கம்பிகளை இடுப்பு உயரத்தில் நட்டிருந்தார்கள். முதல் நாள் அவற்றுக்கு நடுவே எழுந்து நின்றபோது அவர் பார்த்தது வஹீதுன்னிசாவின் தலை வகிடு. ஒன்றரை வருஷமாக அவளை அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்தவர். வகிட்டோரம் நரைத்திருந்தது. அவருக்குத் தெரியாமலே நரைத்திருந்தது. அன்றைக்கு அவருக்கு மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. இரண்டு கையும் கம்பியில் இருந்தன.

நிற்க வைத்தது மாஸ்டர் என்றால் நடக்க வைத்தது பொன்னியம்மா. செங்கல் சூளையில் கல் சுமந்தவள். ஐம்பது வயதிருக்கும். ஆணி குத்திய புண் புரையோடி, காலைத் தொடையில் வைத்து எடுத்துவிட்டார்கள். இருவரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தவர்கள். முழங்கால் தப்பியவர் சீக்கிரம் நடப்பார், முழங்காலும் போனவருக்கு நாளாகும். பொன்னியம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தும், தன் முறை முடிந்ததும் கம்பியின் மறு கோடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"இன்னா பாய், தரையில எதுனா வுட்டுட்டியா? குனிஞ்சிகினே வர்றே."

"பயமா கீது யக்கா."

"தரை எங்கயும் ஓடிடாது. என்னப் பாரு. வெத்தல தர்றேன், வந்து வாங்கிக்க."

நீட்டிய கையில் வெற்றிலை இருக்கும். அவர் எட்டுகிற தூரம் வந்ததும் கையை மடியில் இழுத்துக்கொள்வாள். "இன்னும் ஒரு அடி." நான்கு மாதம் அந்த வெற்றிலையைத் துரத்தித்தான் அவர் நடக்கக் கற்றார். ரம்ஜான் நோன்பு நாட்களில் கூட நீட்டினாள். "தின்னவா சொன்னேன்? மடியில வெச்சிக்க."

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தெருக் கிணற்றில் தன் குடத்தைத் தானே இறைத்துத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வர வேண்டும். கோல் ஊன்றினால் கை போகும், கை போனால் குடம் போகும். மருமகள் சாமுண்டீஸ்வரி முகம் கோணாமல் தண்ணீர் கொண்டு வந்தாள். அதுதான் பொன்னியம்மாவுக்குத் தாங்கவில்லை. "மூஞ்சிய தூக்கி வெச்சிகினா சண்டனா போடலாம்."

மாஸ்டருக்கும் பொன்னியம்மாவுக்கும், இந்த இடத்துக்கும், உஸ்மான் கனி எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். தரை சாம்பல் பூத்து, சிலாம்பு எழும்பி, கோழியின் வாடையோடு கிடந்தது.

"நான் போட்டுத் தர்றேன் மாஸ்டர்."

"என்ன போடுவீங்க?"

"நம்மகிட்ட இன்னா ஒசத்தியோ அது."

மரத்துக்குப் போட நாலைந்து வழி இருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். அது வண்டிக்காரன் வேலை. காப்பல் வார்னிஷ் அடிக்கலாம். அது ரயில் பெட்டிக்கு. தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்துத் தேய்க்கலாம். அது வீணைக்கும் மேஜைக்கும். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, கையாலேயே நூறு தடவை ஓட்டி, மரத்துக்குள் வெளிச்சத்தை இறக்குவது ஒன்றுதான் உஸ்மான் கனியின் வேலை. நன்றிக்கு யாராவது எண்ணெய் தேய்ப்பார்களா? அவர் யோசிக்கவே இல்லை.

ஆனி மாதம், காற்றில் ஈரமில்லை. பத்து நாள் கொட்டாயை மூடினார்கள். மாஸ்டர் தோல் வாங்கப் பெரியமேட்டுக்குப் போய் வந்து, பின்னறையில் வார் வெட்டிக்கொண்டிருந்தார். உஸ்மான் கனியும் வஹீதுன்னிசாவும் கண்ணாடிச் சில்லால் தரையைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஆணி ஓட்டைகளைக் காவியும் சாக்பீஸ் பொடியும் குழைத்து அடைத்து, பாலீஷ் போட்டார்கள். முடிந்த மறுநாள், கடைசிக் கை காய்ந்த பிறகு, மாஸ்டர் வந்து நின்றார். கட்டைவிரலால் பலகையைத் தேய்த்தார்.

"வழுக்குமா பாய்?"

"நானே நடந்து பாத்தேன் மாஸ்டர். ஷூவோட. கப்புனு புடிக்கிது."

அது உண்மை. கொட்டாயில் எல்லாருக்கும் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ கொடுத்திருந்தார்கள். மரக்காலின் பாதம் வெறும் கட்டை. ஷூவின் குதி உயரத்தைக் கணக்கு வைத்துத்தான் அதைச் செதுக்குவார்கள். ஷூ இல்லாமல் அதில் நின்றால் ஆள் பின்பக்கம் சாய்வார். ஷூவும் காலில் ஒரு பாகம் என்று மாஸ்டர் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார். பொன்னியம்மாவுக்குப் புடவையோடு ஷூ போட முதலில் வெட்கம். "போலீஸ்காரன் பொஞ்சாதி மாதிரி கீது" என்றாள். பிறகு பழகிவிட்டது. சாம்பல் பூத்த அந்தத் தரையில் எல்லாரும் தெருவில் வந்த ஷூவோடு அப்படியே ஏறி நடந்தார்கள்.

திங்கட்கிழமை கொட்டாய் திறந்தது. முதலில் வந்தவன் சின்னப்பையன். அம்பத்தூர் ஃபாக்டரிக்குப் போகிற அவசரத்தில் ஓடுகிற ரயிலில் ஏறி இடது காலை விட்டவன். இருபத்தைந்து வயது. எப்போதும் போல ஷூவோடு உள்ளே வந்தான். நாலு அடி வைத்து, கீழே பார்த்து, "அடேங்கப்பா" என்றான். பின்னால் நாலு மண் தடம் இருந்தது.

உஸ்மான் கனி தோளில் இருந்த துண்டை எடுத்து, குனிந்து, அந்த நாலு தடத்தையும் துடைத்தார்.

வாசலில் பொன்னியம்மா நின்றிருந்தாள். அவர் துடைப்பதைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"இரு பாய்" என்றாள். சுவரைப் பிடித்துக் குனிந்து, இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள். "இம்மாம் பளபளன்னு கீது. இதுல பூட்சு காலோட எப்டி மிதிக்கறது?"

சின்னப்பையன் வெட்கப்பட்டுத் திரும்பிப் போய்க் கழற்றினான். அடுத்து வந்த இருவரும் கேட்காமலே கழற்றினார்கள். பள்ளிவாசல் படியில் போல வரிசையாக ஷூக்கள். உஸ்மான் கனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. எத்தனையோ தடவை அதைச் சொன்ன மாஸ்டர் அப்போது பின்னறையில் இருந்தார். அந்த நிமிஷம் அது அவருக்கு முக்கியமாகப் படவில்லை. தன் வேலைக்கு முன்னால் நாலு பேர் செருப்பைக் கழற்றி நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"இம்மாம் அழகான தரையில இன்னிக்கு ரெண்டு கையயும் வுட்டுப் பாத்துடறேன்" என்றாள் பொன்னியம்மா.

கம்பிகளுக்கு நடுவே போனாள். கைகளைத் தூக்கினாள். ஒரு அடி. இரண்டாவது அடியில் கட்டைப் பாதம் முன்னால் போயிற்று, அவள் பின்னால் சாய்ந்து ஒருக்களித்து விழுந்தாள். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது. காலியான ஹாலில் மரத்தின் சத்தம் பெரிதாக இருந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். "மூஞ்சி தெரிஞ்சிது பாய். கிட்டப் போயி பாத்தேன்."

சின்னப்பையன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. வியாழக்கிழமை சாமுண்டீஸ்வரி ஒரு கோணிப்பையோடு வந்தாள். பைக்குள் மரக்காலும் ஷூக்களும் இருந்தன.

"அத்த குடுத்துட்டு வரச் சொன்னாங்க. வேற யாருக்குனா ஆவுமாம். அவுங்களுக்குக் கோலே போதுமாம்."

மாஸ்டர் காலை வாங்கி மேஜையில் வைத்தார். அது அவர் ஒரு மாதம் செதுக்கியது. உஸ்மான் கனியின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பித் திட்டியிருக்கலாம். திட்டாதது உஸ்மான் கனிக்கு உறைத்தது.

"போர்டு எழுதி மாட்டலாம் பாய். ஷூவைக் கழற்றாதீர்கள்னு."

"படிக்கத் தெரிஞ்சவன் எத்தினி பேரு கீறான் இங்க?"

"சொல்லலாம்."

சொன்னார்கள். எல்லாரும் ஷூவோடு உள்ளே வந்தார்கள். சின்னப்பையன் நுனிக்காலில் நடந்தான். தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவன் மாதிரி, ஒவ்வொரு அடியையும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், கீறல் விழுந்ததா என்று. இன்னொருவர் கம்பியை விடவே இல்லை. நடக்கப் பழக வந்தவர்கள் தரையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் அதைப் பார்த்துவிட்டு உஸ்மான் கனி மாஸ்டரிடம் போனார்.

"தரை சரியில்ல மாஸ்டர்."

"தரை நல்லாத்தான் இருக்கு. ஜனங்களுக்குத்தான்..."

"ஜனங்கள மாத்த முடியாது. நானே கழட்டுவேன். பாலீஷ மாத்திடலாம்."

"திரும்பவும் மொதல்லேர்ந்தா?"

"சொரண்டுனா வந்துடும். எதப் போடறதுன்னுதான் தெரியல."

தேக்குத் துண்டு ஐந்து எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் ஒரு கெஜ நீளம். முதலாவதில் அதே ஸ்பிரிட் பாலீஷ். இரண்டாவதில் காப்பல் வார்னிஷ். மூன்றாவதிலும் வார்னிஷ்தான், ஆனால் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை அடக்கியது. நான்காவதில் மெழுகு. ஐந்தாவதில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சுட வைத்துத் தேய்த்து, மரம் குடித்தது போக மிச்சத்தைக் கோணியால் ஒற்றி எடுத்தது. ஐந்தையும் காய வைத்துத் தாழ்வாரத்தில் போட்டு, ஷூவோடு நடந்தார். ஷூ இல்லாமல் வெறும் கட்டையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தண்ணீர் தெளித்து நடந்தார். கோல் ஊன்றிப் பார்த்தார். மெழுகு அன்றைக்கே போயிற்று, கோல் ஊன்றிய முதல் முறையே அவரைச் சுவரில் கொண்டுபோய் விட்டது. மற்ற நான்கும் ஷூவுக்குப் பிடித்தன.

ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது அது இல்லை. எந்தப் பலகைக்கு முன்னால் ஆள் குனியாமல் போவார் என்பதுதான். சின்னப்பையனை நடக்கச் சொன்னார். அவன் நான்கிலும் நிமிர்ந்து நடந்தான்.

"நீ குனிய மாட்டே. பரீட்சைன்னு உனுக்குத் தெரிஞ்சி போச்சி."

"அப்ப தெரியாத ஆளாப் பாரு மாமே."

நான்கு பலகைகளையும் சைக்கிளில் கட்டினார். மேஜையில் இருந்த பொன்னியம்மாவின் மரக்காலையும் ஷூக்களையும் கோணிப்பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பொன்னியம்மாவின் வீட்டுக்கு நடந்தார். ஒரு மைல் இருக்கும். கால் வந்த பிறகு அவர் ஒரே மூச்சில் நடந்த அதிக தூரம் அதுதான். பாதி வழியில் அது நினைவுக்கு வந்தது. யாரால் நடக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

பொன்னியம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் மஞ்சள் பத்து.

"வா பாய். இன்னா, மரக்கட வெச்சிட்டியா?"

"பாலீஷ் போட்டது. காயணும். உங்க வாசல்ல வெயிலு நல்லா கீது."

"பூந்தமல்லில வெயிலு தீந்து போச்சா?"

பலகைகளை ஒன்றன் பின் ஒன்றாக வாசலிலிருந்து தெருவை நோக்கிப் போட்டார். எண்ணெய்ப் பலகை கடைசி. பிறகு கோணிப்பையை அவள் பக்கத்தில் வைத்தார்.

"மாஸ்டர் வாரு மாத்தி கீறாரு. மாட்டிப் பாரு. சரியில்லன்னா எடுத்துகினு போயிடறேன்."

"வேணான்னு சொல்லி அனுப்புனேனே."

"சொன்னே. மாத்துனது வீணாப் போவுதேன்னு கேக்கறேன்."

வீணாகப் போவது அவளுக்குப் பிடிக்காது. முறத்தைத் தள்ளி வைத்தாள். வாரை இறுக்கிக்கொண்டு, ஷூவை மாட்டிக்கொண்டு, மருமகளின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"மேல் வாரு சரியாத்தான் கீது."

"தெருப் பக்கம் ரெண்டு அடி வெச்சிப் பாரு."

முதல் பலகை வந்ததும் அவள் கை தானாக ஷூவை நோக்கிப் போயிற்று. "இத்த நவுத்து. மேல காலு பட்டுறப் போவுது." உஸ்மான் கனி நகர்த்தினார். இரண்டாவதிலும் கை கீழே போயிற்று. நகர்த்தினார். பளபளப்பு அடக்கிய மூன்றாவதின் முன் நின்றாள். "இது எந்த ஊட்டு அலமாரிக் கதவு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தாள். இதைத்தான் அவர் மனதுக்குள் தேர்ந்து வைத்திருந்தார். அதையும் நகர்த்தினார்.

கடைசியாக இருந்த எண்ணெய்ப் பலகையில் அவள் ஷூவை வைத்தாள். அடுத்த ஷூவையும் வைத்தாள். மருமகளின் தோளிலிருந்து கையை எடுத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தாள்.

"அடுத்தது எங்க?"

உஸ்மான் கனி சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பாய், எதுனா பரீட்சையா?"

"ஆமா யக்கா."

"பாஸா?"

"உனுக்கில்ல. பலகைக்கு."

அவள் கீழே பார்த்தாள். அப்போதுதான் தான் எதையும் பிடிக்காமல் நிற்பது தெரிந்தது. மெதுவாக மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இது பலகை" என்றாள். "அதெல்லாம் சாமானு."

"தரைய இதே மாதிரி ஆக்கிட்டா வர்றியா?"

"ஆக்கிட்டுக் கூப்புடு." பிறகு சொன்னாள், "உம்மேல கோவம்லாம் இல்ல பாய். என் ஆயுசுல அப்டி ஒரு தரைய மிதிச்சதில்ல. மிதிச்சேன்ல. அது போதும்."

தரையை மாற்ற எட்டு நாள் ஆயிற்று. நடைப் பழக்கத்தை மாஸ்டர் தாழ்வாரத்துக்கு மாற்றினார். உஸ்மான் கனி ஸ்பிரிட்டில் நனைத்த துணியைத் தரையில் போட்டுத் துடைத்தார். பாலீஷ் இளகிப் பழுப்பாக வந்தது. ஜன்னல்கள் ஒன்றொன்றாகத் தரையிலிருந்து போயின. குனிந்து துடைக்கிறவரின் முகமும் போயிற்று. வஹீதுன்னிசா எதிர்ப் பக்கத்திலிருந்து கண்ணாடிச் சில்லால் சுரண்டிக்கொண்டு வந்தாள். நடுவில் சந்தித்தார்கள்.

"வெசனமா கீதா?"

"கை வலிக்கிது. அவ்ளோதான்."

"எனக்கு வெசனமா கீது" என்றாள்.

பிறகு எண்ணெய். சூடாகத் தேய்த்து, ஊற விட்டு, ஒற்றி எடுத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. எண்ணெய்த் துணிகளை அவர் சுருட்டிப் போட விடவில்லை. சுருண்ட துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். ஒவ்வொன்றையும் விரித்து வேலியில் போட்டாள் வஹீதுன்னிசா. பூந்தமல்லி ஃபர்னிச்சர் கடைக்காரர் பரந்தாமன் அந்த வழியாகப் போனவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரு பாய் போட்டது? வண்டிக்காரனா?"

"ஆமா. நான்தான்."

பரந்தாமன் சிரித்துவிட்டுப் போனார். கடைத்தெருவில் சொல்வார். சொல்லட்டும்.

வியாழக்கிழமை காலை பொன்னியம்மா வந்தாள். உஸ்மான் கனி கம்பிகளின் மறு கோடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் பின்னறை வாசலில் கையில் ஊசியோடு நின்றார். அவள் வாசற்படியில் ஒரு கணம் கூட நிற்கவில்லை. பின்னால் வரும் மருமகளிடம் ஏதோ குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, சூளைப் பக்கத்துச் செம்மண் அப்பிய ஷூவோடு உள்ளே வந்தாள். தரையில் தடம் விழுந்தது. உஸ்மான் கனியின் துண்டு தோளிலேயே இருந்தது.

கம்பிகளுக்கு நடுவே வந்ததும்தான் அவரைப் பார்த்தாள். அவர் கையில் வெற்றிலை இருந்தது.

"ஓகோ" என்றாள்.

இரண்டு கையையும் தூக்கினாள். மணிக்கட்டில் பத்து இன்னும் இருந்தது. முதல் அடி. இரண்டாவது அடியில் மாஸ்டர் ஊசியைக் கதவில் குத்தி வைத்தார். மூன்றாவது, நான்காவது. அவள் கீழே பார்க்கவில்லை. வெற்றிலையைப் பார்த்தாள். ஏழாவது அடியில் கை எட்டுகிற தூரம். உஸ்மான் கனி கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு அடி."

"அட பாவி பாய்" என்று சொல்லிக்கொண்டே எட்டாவது அடியையும் வைத்து, அவர் மடியிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாக்கு எங்க?"

"மறந்துட்டேன்."

"பாக்கு இல்லாம வெத்தல குடுக்கறவன இப்பத்தான் பாக்கறேன்."

உஸ்மான் கனி முக்காலியிலிருந்து எழுந்து, அவள் உட்கார இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். மாஸ்டர் கதவிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொன்னியம்மா ஒன்பது மணிக்கு வந்து மூன்று முறை நடந்தாள். மணிக்கட்டு வலித்ததால் பதினொன்றுக்குப் போய்விட்டாள். கிணற்றடிக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்றார் மாஸ்டர். சின்னப்பையனுக்குக் காய்ச்சல், வரவில்லை. வேப்பம்பட்டிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். செருப்போடு உள்ளே வந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தரையைத் துணியால் ஒருமுறை துடைத்தார்கள். உஸ்மான் கனி மதியம் பள்ளிவாசலுக்குப் போனார். படியில் இடது ஷூவையும் வலது காலையும் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். டப்பாவில் எண்ணெய் கொஞ்சம் மீதி இருந்தது. அதை வீட்டுக் கதவுக்குத் தேய்த்தார். ஒரு பக்கத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. வஹீதுன்னிசா வந்து பார்த்துவிட்டு, துணியை வாங்கி, விரித்து வேலியில் போட்டாள்.